கிறிஸ்துமஸுக்கு அமைதியா ஒரு டிரிப்... ஜோடிகள் ஊரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

"எங்கயாச்சும் அமைதியா ரெண்டு நாள் போயிட்டு வரலாமா?"

டிசம்பர் பிறந்ததுமே இந்த மெசேஜ் உங்கள் வாட்ஸ்அப்பிலும் வந்திருக்கும். இல்லையென்றால் நீங்களே அனுப்பியிருப்பீர்கள். அடுத்த மெசேஜில் வருகிற ஊர்ப் பெயர்கள் பெரும்பாலும் ஊட்டி, கொடைக்கானல், பாண்டிச்சேரி. சிக்கல் ஆரம்பிக்கிறதே அங்கேதான்.

பட்டவள் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் டிசம்பர் 24 அன்று நானும் கணவரும் ஒரு பிரபல மலை ஊருக்குக் கிளம்பினோம். அடிவாரத்திலிருந்து மேலே போய்ச் சேரவே நாலு மணி நேரம். ரிசப்ஷனில், "இன்னிக்கு நைட் காலா டின்னர் கட்டாயம் மேடம்" என்று தலைக்கு இரண்டாயிரம் ரூபாய் தனியாகக் கேட்டார்கள். வேண்டாம் என்றோம். கட்டினால்தான் சாவி என்றார்கள். எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே புல்வெளி, அங்கே டிஜே. நள்ளிரவு தாண்டியும் கட்டில் அதிர்ந்துகொண்டிருந்தது. அவருக்கு நைட் ஷிஃப்ட், எனக்குப் பகல் வேலை. அந்த வருஷத்தில் இருவருக்கும் ஒன்றாகக் கிடைத்த லீவே அந்த இரண்டு நாள்தான். அதில் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டது பார்க்கிங் பற்றி!

அதனால் இது 'டாப் 10 ரொமான்டிக் ஸ்பாட்' பட்டியல் இல்லை. காரிலோ பைக்கிலோ போய்வரக்கூடிய தூரத்தில், கிறிஸ்துமஸ் நாள்களில் நிஜமாகவே அமைதி கிடைக்கிற இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் விஷயம்.

முதலில் காலண்டர், அப்புறம்தான் மேப்

2025-ல் கிறிஸ்துமஸ் வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டால் ஞாயிறு வரை நாலு நாள். நீங்கள் போட்ட இதே கணக்கைச் சென்னை, பெங்களூரு ஐடி கம்பெனி முழுக்கப் போட்டிருக்கும். பள்ளிகளுக்கும் அரையாண்டு விடுமுறை. அதாவது ஜோடிகள், குடும்பங்கள், நண்பர்கள் கூட்டம் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் ரோட்டில்.

முடிந்தால் ஒரு நாள் முன்னே நகர்த்துங்கள். புதன் அதிகாலை கிளம்பி, வெள்ளி மதியம் திரும்பினால் போகும்போதும் வரும்போதும் பெருங்கூட்டத்துக்கு எதிர்த்திசையில் இருப்பீர்கள். புதன்கிழமை லீவு கிடைக்காதவர்கள் 25-ம் தேதி காலை 5 மணிக்குக் கிளம்புவது நல்லது. 24 மாலை ஆபீஸ் முடித்துவிட்டு அப்படியே கிளம்பலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். தாம்பரம், பெருங்களத்தூரில் உங்கள் முதல் இரவு கழிந்துவிடும்.

இன்னொன்று, இது மார்கழி மாதம். ஊர்க் கோயில்களில் அதிகாலையிலேயே ஸ்பீக்கரில் திருப்பாவை ஆரம்பித்துவிடும். அதை ரசிப்பவர்களுக்குப் பிரச்னையே இல்லை. ஒன்பது மணி வரை தூங்கத்தான் போகிறோம் என்பவர்கள், அறை எடுக்கும் முன்னால் பக்கத்தில் கோயில் இருக்கிறதா என்று மேப்பில் பாருங்கள்.

பார்க்க ஒன்றுமில்லாத ஊர்தான் நல்ல ஊர்

கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் கூட்டம் போகிற இடத்தைத் தீர்மானிப்பது அழகு இல்லை, 'பாயின்ட்'டுகளின் எண்ணிக்கை. போட் ஹவுஸ், வியூ பாயின்ட், சாக்லேட் கடை, ரோஸ் கார்டன் என்று ஒரே நாளில் எட்டு இடம் காட்ட முடிகிற ஊருக்குத்தான் டெம்போ டிராவலர்கள் வரும். இரண்டு இடம் பார்த்ததும் முடிந்துவிடுகிற ஊருக்கு டூர் ஆபரேட்டர் யாரும் வண்டி விடமாட்டார். ரெண்டு பேர் பேசிக்கொண்டிருக்க எட்டு இடம் தேவையும் இல்லை.

தூரத்துக்கு என் கணக்கு, ஒரு வழிப் பயணம் ஆறு மணி நேரத்துக்குள். இரண்டு இரவு தங்கும் டிரிப்பில் அதற்குமேல் போனால் முதல் நாள் களைப்பிலும், கடைசி நாள் கிளம்பும் அவசரத்திலும் காணாமல் போய்விடும். கூகுள் மேப்பில் 'இப்போது' எவ்வளவு நேரம் என்று பார்க்காமல், புறப்படும் தேதியையும் நேரத்தையும் கொடுத்துப் பாருங்கள். அது காட்டுவதோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். டீக்கு நிறுத்த வேண்டாமா?

இந்த இரண்டு கணக்குக்கும் பொருந்துகிற, கிறிஸ்துமஸோடு நிஜமான சம்பந்தமும் உள்ள ஓர் ஊர் இருக்கிறது.

தரங்கம்பாடி

சென்னையிலிருந்து சுமார் 280 கி.மீ. திருச்சியிலிருந்து 160 கி.மீ. தஞ்சாவூர், கும்பகோணத்துக்காரர்களுக்கு இன்னும் பக்கம். மயிலாடுதுறை மாவட்டத்தில், பூம்புகாருக்கும் காரைக்காலுக்கும் நடுவே இருக்கிற சின்னக் கடற்கரை ஊர். சென்னையிலிருந்து வருபவர்கள் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாக வரலாம். புதுச்சேரி நகரத்துக்குள் மட்டும் அன்றைக்கு நுழைந்துவிடாதீர்கள்.

1620-ல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு டென்மார்க்காரர்கள் இங்கே வந்தார்கள். அவர்கள் கட்டிய டேனிஷ் கோட்டை இன்றும் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. 1845-ல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு பெரிய நகரமாக வளராமல் அப்படியே நின்றுபோனதுதான் தரங்கம்பாடியின் அதிர்ஷ்டம். 1792-ல் கட்டிய நுழைவு வாயிலைத் தாண்டி உள்ளே போனால் ராஜ வீதி. அதன் கடைசியில் கடல். மொத்த ஊரையும் அரை மணி நேரத்தில் நடந்து முடித்துவிடலாம்.

அந்த வீதியில்தான் புதிய எருசலேம் ஆலயம் இருக்கிறது, 1718-ல் கட்டியது. கட்டியவர் 1706 ஜூலையில் இங்கே கப்பலில் வந்திறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்கு. வந்ததும் தமிழ் படித்து, அச்சகம் வைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டவர். 36 வயதில் இறந்து, இதே ஆலயத்துக்குள் அடக்கமானார். எதிரே இருக்கும் சீயோன் ஆலயம் இதைவிடப் பழசு, 1701.

கிறிஸ்துமஸ் என்றால் மால் வாசலில் தெர்மாகோல் பனி என்று பழகிப்போனவர்களுக்கு, வாசலில் காகித நட்சத்திரம் தொங்குகிற இந்தத் தெருக்கள் வேறு மாதிரி இருக்கும். ஆராதனைக்குப் போக விரும்பினால் தாராளமாகப் போகலாம். நேரத்தை முதல் நாளே ஆலயத்தில் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரிசையில் உட்காருங்கள், போன் பாக்கெட்டிலேயே இருக்கட்டும். ஊர்க்காரர்களுக்கு அது வருஷத்தின் முக்கியமான நாள். நம்முடைய ரீல்ஸுக்குப் பின்னணி இல்லை.

கோட்டைக்குப் பக்கத்திலேயே கடலோரம் மாசிலாமணிநாதர் கோயில். 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. அதில் ஒரு பகுதியைக் கடலே கொண்டுபோய்விட்டது. காலை ஆறு மணிக்கு அங்கே போய் உட்காருங்கள். சூரியன் கடலிலிருந்தே எழுந்து வரும். அலை பாறையில் அடிக்கிற இடம் என்பதால் குளிக்க மட்டும் இறங்க வேண்டாம்.

26-ம் தேதி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2004-ல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை சுனாமி வந்தபோது கடுமையாக அடிபட்ட ஊர்களில் தரங்கம்பாடியும் ஒன்று. இந்தக் கடற்கரை முழுக்க டிசம்பர் 26 நினைவு நாள். கடலில் பால் ஊற்றி, பூத் தூவி அழுகிறவர்களைப் பார்ப்பீர்கள். மீனவர்கள் அன்றைக்குக் கடலுக்குப் போவதில்லை. அதனால் 'ஃப்ரெஷ் மீன் கிடைக்குமா அண்ணா' என்று கேட்டுக்கொண்டு குப்பத்துக்குள் போகாதீர்கள். மீன் சாப்பிடும் ஆசையை 25-ம் தேதிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். 26 காலையில் கடற்கரையில் இருந்தால் கொஞ்சம் தள்ளி நின்று, சத்தமில்லாமல் இருங்கள். அன்றைக்கு அந்த இடம் டூரிஸ்ட் ஸ்பாட் கிடையாது. ஜாலியான மூடில் வந்த நமக்கு இது வேண்டாமே என்று தோன்றினால் 25 மாலையே காரைக்கால் பக்கமோ கும்பகோணம் பக்கமோ நகர்ந்துவிடலாம். தப்பில்லை.

தங்குவதற்கு அறைகள் மிகக் குறைவு. பழங்காலக் கட்டடங்களை மாற்றிய விடுதி, சில ஹோம்ஸ்டே, அவ்வளவுதான். அதுதான் கூட்டம் வராததற்கும் காரணம். கிடைக்காவிட்டால் 15 கி.மீ. தள்ளிக் காரைக்காலில் தங்கலாம். திருக்கடையூரில் நிறைய லாட்ஜ் இருக்கிறதே, பக்கம்தானே என்று போய்விடாதீர்கள். அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் பேர்போன ஊர் அது. விடியும் முன்பே நாதஸ்வரமும் மேளமும் ஆரம்பித்துவிடும். அமைதிக்காகப் போகிறவர்கள் தங்க ஏற்ற இடமில்லை. ஆனால் ஒரு காலை அங்கே எட்டிப் பாருங்கள். பட்டுப் புடவையில் வெட்கப்பட்டுக்கொண்டு மாலை மாற்றும் பாட்டியையும், பேரப்பிள்ளைகள் கிண்டலுக்கு நடுவே தாலி கட்டும் தாத்தாவையும் ஜோடியாகப் போய்ப் பார்ப்பது எந்த வியூ பாயின்ட்டையும்விட மேல்.

கடல் வேண்டாம், குளிர்தான் வேண்டும் என்றால்

சென்னை, வேலூர், பெங்களூருக்காரர்கள் உடனே சொல்வது ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவுகள், நல்ல ரோடு, எல்லாம் சரி. ஆனால் நீண்ட விடுமுறையில் பாதி பெங்களூரு அங்கேதான் இருக்கும். அதற்குப் பதில் வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்கு ஏறுங்கள். ஜமுனாமரத்தூர்ப் பக்கம் சாமை வயல்கள், மலைக் கிராமங்கள், மழைக்குப் பிறகு தண்ணீர் விழுகிற பீமன் அருவி. ஆடம்பர ரிசார்ட்டை எதிர்பார்க்காதீர்கள். எளிமையான குடில்கள்தான். ராத்திரி எட்டு மணிக்குமேல் கடைகளும் இருக்காது.

இந்த மலையின் காவலூரில்தான் வைணு பாப்பு வானியல் ஆய்வகம் இருக்கிறது. 2.3 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி அங்கே இயங்குகிறது. நட்சத்திரம் பார்க்க விஞ்ஞானிகளே தேர்ந்தெடுத்த வானம் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்! பொதுமக்களைச் சனிக்கிழமைகளில் அனுமதிப்பது வழக்கம், கிளம்பும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள். 2025-ல் டிசம்பர் 20-ஐ ஒட்டி அமாவாசை என்பதால், கிறிஸ்துமஸ் இரவில் மெல்லிய வளர்பிறைதான். அதுவும் பத்து, பத்தரை மணிக்குள் மறைந்துவிடும். மேகம் இல்லாவிட்டால் அதற்குப் பிறகு வானம் முழுக்க உங்களுக்குத்தான். ஸ்வெட்டர் மறக்காதீர்கள்.

திருச்சி, சேலம், நாமக்கல் பக்கம் இருப்பவர்களுக்குக் கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவுகள். பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு வாந்தி வரும் என்றால் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். உறவுக்கே ஆபத்து.

மதுரைக்காரர்களுக்கு மேகமலை. சின்னமனூரிலிருந்து மேலே ஏறினால் தேயிலைத் தோட்டங்களும் நீர்த்தேக்கங்களும்தான், வேறு 'பாயின்ட்' எதுவும் கிடையாது. ஆனால் தேனி, சின்னமனூர், கம்பம் ரோடு சபரிமலைக்குப் போகும் பாதை. டிசம்பர் கடைசி வாரம் மண்டல பூஜை சமயம், ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் வரிசை கட்டும். வனத்துறை சோதனைச் சாவடியில் இருட்டிய பிறகு மேலே விடமாட்டார்கள். மதியத்துக்குள் சின்னமனூரைத் தொட்டுவிடுவதுபோல் கிளம்புங்கள்.

கோவைக்காரர்களுக்கு வால்பாறை. 40 வளைவுகள், யானை நடமாடும் இடம், ராத்திரிப் பயணம் கூடவே கூடாது. அங்கேயும் 2025 நவம்பரிலிருந்து இ-பாஸ் கேட்கிறார்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்தே இது கட்டாயம். இலவசம்தான், ஆன்லைனில் பத்து நிமிட வேலை. வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

நெல்லை, தூத்துக்குடி, நாகர்கோவில்காரர்கள் மணப்பாட்டை மறந்துவிட்டு எங்கெங்கோ தேடுவது எனக்கு ஆச்சர்யம். திருச்செந்தூருக்குத் தெற்கே, மணல் குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம், கீழே இரண்டு பக்கமும் கடல். 1542-ல் புனித சவேரியார் வந்த ஊர். கிறிஸ்துமஸை ஊரே கொண்டாடும். தங்க வசதி குறைவு என்பதால் பகலில் போய் மாலையில் திரும்புகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம்.

புக் பண்ணும் முன் ஒரு போன்

ஆப்பில் புக் செய்தாலும் விடுதிக்கு நேரடியாக ஒரு போன் போடுங்கள். 24, 31 இரவுகளில் சாப்பாடு கட்டாயமா, கட்டாயமென்றால் எவ்வளவு? டிஜே, கேம்ப் ஃபயர் உண்டா, எத்தனை மணி வரை? என் அறை எந்தப் பக்கம், கீழே என்ன இருக்கிறது? அதே வளாகத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறதா? கரன்ட் போனால் ஜெனரேட்டர் அறைக்கும் வருமா? பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அன்றைக்கு இது தெரிந்திருந்தால் நாலாயிரம் ரூபாய் மிச்சம்.

மேப் ரிவ்யூக்களில் ஸ்டாரை விட்டுவிடுங்கள். ரிவ்யூவுக்குள் தேடும் வசதியில் 'நாய்ஸ்', 'டிஜே', 'டிசம்பர்' என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். போன வருஷம் இதே நாளில் தூங்க முடியாமல் தவித்தவர்கள் அங்கே கொட்டியிருப்பார்கள்.

வடகிழக்குப் பருவமழை டிசம்பர் கடைசி வரைகூட நீளும். அதனால் கேன்சல் செய்தால் பணம் திரும்பும் அறையாக, கொஞ்சம் கூடுதல் விலை என்றாலும், எடுப்பது புத்திசாலித்தனம். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் வானிலை மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். டெல்டாவிலோ மலையிலோ கனமழை எச்சரிக்கை இருந்தால் யோசிக்காமல் தள்ளிப்போடுங்கள்.

கல்யாணம் ஆகலையே, ரூம் தருவாங்களா?

இன்பாக்ஸில் அதிகம் வருகிற கேள்வி இது. கோவையில் ஒரு விடுதிக்கு சீல் வைத்த வழக்கில் 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. திருமணமாகாத ஆணும் பெண்ணும் விடுதி அறையில் ஒன்றாகத் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. இருவரும் 18 வயதைத் தாண்டியிருக்க வேண்டும், இருவருடைய அடையாள அட்டையும் வேண்டும், அவ்வளவுதான். முகவரி இல்லாததால் பான் கார்டைப் பல இடங்களில் வாங்க மாட்டார்கள். ஆதார், டிரைவிங் லைசென்ஸ், பாஸ்போர்ட் ஏதாவது ஒன்று இருக்கட்டும்.

ஆனால் நடைமுறை வேறு. சட்டம் தடுக்கவில்லை என்றாலும் 'எங்க ரூல் இது' என்று மறுக்கிற விடுதிகள் இருக்கின்றன, சின்ன ஊர்களில் அதிகம். ராத்திரி ஒன்பது மணிக்கு ரிசப்ஷனில் நின்று சட்டம் பேசுவதைவிட, புக் செய்யும்போதே நேரடியாகக் கேட்டுவிடுவது மேல். தயங்கினால் அடுத்த விடுதி. பொய்யாக 'கணவன் மனைவி' என்று எழுதிக் கொடுக்க வேண்டாம். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் ஆதாரில் வேறு வேறு முகவரி இருக்கிறதே என்று பயப்படாதீர்கள். போனில் ஒரு கல்யாண போட்டோ இருந்தாலே பெரும்பாலும் கேள்வி நின்றுவிடும். அதைக்கூடக் காட்ட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

வண்டி ஓட்டுபவருக்கு

மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிறவர்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர், பிரேக்கை மட்டுமே நம்பாதீர்கள். இருவருக்கும் ஓட்டத் தெரியும் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளுங்கள். ஜவ்வாது மலையிலும் மேகமலையிலும் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. மேப்பை ஆஃப்லைனில் இறக்கிவைத்து, கையில் கொஞ்சம் காசாக வைத்துக்கொள்ளுங்கள், ஜிபே அங்கே சுற்றிக்கொண்டே இருக்கும். சிக்னல் இல்லாததைப் பற்றி வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் திரும்பி வரும்போது இருபது மிஸ்டு கால் இருக்கும், அதில் பதினெட்டு அம்மாவிடமிருந்து.